‘நம்ம வீடு’ குழு: செவலை எந்தத் தேதியில் பொரிக்கும்?

சேகர்: புவனா கல்யாணத்துக்கு வேன் 23-ஆம் தேதி காலை 6 மணிக்குப் புறப்படும். யார் வேனில், யார் தனியாக என்று இன்றைக்குள் சொல்லிவிடுங்கள். டிரைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கார்த்தி: நான், அப்பா, அம்மா. ஜன்னல் சீட் எனக்கு.

நித்யா: நாங்கள் நேராக மண்டபத்துக்கு வருகிறோம் சின்ன மாமா. குழந்தைக்கு வேன் ஒத்துக்கொள்ளாது.

சேகர்: சரி. அக்கா?

சேகர்: அக்கா, படித்துவிட்டீர்கள் என்று நீல டிக் காட்டுகிறது. சொல்லுங்கள்.

மரகதம்: என்னைக் கணக்கில் சேர்க்காதே. என் செவலைக் கோழி அடையில் இருக்கிறாள். 24-ஆம் தேதி பொரிக்கும்.

சேகர்: என்னது

புவனா: அத்தை!!!

வள்ளி: கோழிக்காகவா அண்ணி கல்யாணத்துக்கு வராமல் இருப்பீர்கள்?

மரகதம்: கோழி என்ன முகூர்த்தம் பார்த்தா அடை உட்காரும்?

கார்த்தி: அடையைத் தெளிய வைத்து எழுப்பிவிடலாமே அத்தை. தண்ணீரில் முக்கி எடுத்தால் தெளிந்துவிடும் என்பார்களே.

மரகதம்: 14 நாள் ஆகிவிட்டது. முட்டைக்குள்ளே உயிர் ஆடுகிறது. வாயைக் கழுவு.

சுந்தரம்: கார்த்தி சொல்வது இரண்டு விதத்தில் தவறு. முதலாவது, அடை தெளிய வைப்பது முட்டை வைக்காத கோழிக்குத்தான். சும்மா வெறும் கூட்டில் உட்கார்ந்து முட்டையிடுவதை நிறுத்திய கோழியைத் தெளிய வைக்கலாம். பாதி வளர்ந்த கருவோடு இருப்பதை எழுப்பக் கூடாது. இரண்டாவது, தண்ணீரில் முக்குவது கோழியை வதைப்பது. அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டில், வெளிச்சத்தில், தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விட்டாலே வயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு இறங்கித் தானாகத் தெளியும். அடைக்கோழியின் வயிற்றைப் பார்த்திருக்கிறாயா? இறகு உதிர்ந்து வெறும் தோலாக இருக்கும். அந்தத் தோல்தான் முட்டையில் படுகிறது. புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறினால்தான் அந்தப் பிடிவாதம் வரும்.

நித்யா: பெரிய மாமா, பத்தி பிரித்துப் போடுங்கள்.

கார்த்தி: ‘மேலும் படிக்க’ வந்துவிட்டது அப்பா.

சேகர்: இருங்கள். எந்தத் தேதி அடை வைத்தீர்கள்?

மரகதம்: 3-ஆம் தேதி ராத்திரி.

சேகர்: அப்படியென்றால் 21 நாள் 23-ஆம் தேதியோடு முடிகிறதே. காலையில் பொரிக்கட்டும், நீங்கள் தனிக் காரில் வாருங்கள்.

சுந்தரம்: வைத்த நாளை எண்ணக் கூடாது. முட்டை கோழிக்கு அடியில் சூடேறி 24 மணி நேரம் ஆனால்தான் ஒரு நாள். 4-ஆம் தேதி ராத்திரிதான் முதல் நாள் முடிகிறது. 21-ஆவது நாள் 24 ராத்திரி. அதுவும் கெடு கிடையாது. புது முட்டை சற்று முந்தும், நாள்பட்ட முட்டை பிந்தும். 23 மதியத்திலிருந்து 25 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

புவனா: பெரியப்பா, என் கல்யாணமும் 24, 25 தான்

கார்த்தி: செவலைக்கும் ஒரு பத்திரிகை வைத்திருக்கலாம்.

வள்ளி: அண்ணி, முட்டையில் கரு இருக்கிறதா என்றாவது பார்த்தீர்களா? உங்கள் வீட்டில் சேவலே இல்லையே.

மரகதம்: சேவல் ஏன் இல்லை என்று உன் வீட்டுக்காரரைக் கேள்.

வள்ளி: ...

நித்யா: அம்மா, வேண்டாம்.

சுந்தரம்: சேவல் போனாலும் உடனே கரு நின்றுவிடாது. சேர்ந்த கோழி சேவலின் விந்தை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். சேவலைப் பிரித்து ஒரு வாரம், 10 நாள் வரை இடும் முட்டைகள் பெரும்பாலும் கரு கூடியவைதான். அதற்கு மேல் நம்ப முடியாது. சேவல் போனது 28-ஆம் தேதி. அக்கா அடை வைத்தது 3. கணக்குச் சரிதான்.

சேகர்: தேதி வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் அண்ணா

சுந்தரம்: அக்கா அன்றே எனக்குப் போன் செய்தார்.

மரகதம்: 7-ஆம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். 11 முட்டையில் 9-இல் சிலந்தி மாதிரி ரத்த நரம்பு, நடுவில் கறுப்புப் பொட்டு. ஒன்று வெறும் வெளிச்சமாக இருந்தது. ஒன்றில் ரத்த வளையம் மட்டும். இரண்டையும் எடுத்துவிட்டேன். கூமுட்டையை விட்டு வைத்தால் கூட்டுக்குள்ளேயே வெடிக்கும்.

மரகதம்: [புகைப்படம்]

மரகதம்: இப்போது எடுத்தது. தீனிக்கு எழுந்து போயிருக்கிறாள். நாளுக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாள். கால் மணி நேரத்தில் கொறித்து, தண்ணீர் குடித்து, புழுதியில் ஒரு புரளு புரண்டுவிட்டு வந்துவிடுகிறாள். அடைக்கோழி எச்சத்தின் நாற்றம் தனி, அது வேறு.

நித்யா: அம்மா, படத்தில் 11 முட்டை இருக்கிறது. 9 என்றீர்களே.

மரகதம்: எங்கே

நித்யா: எண்ணிப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு பெரிதாக, பச்சை பூத்த மாதிரி இருக்கிறது.

மரகதம்: டார்ச் அடித்த அன்றே பெருவெட்டாக இருக்கிறதே என்று நினைத்தேன். வள்ளி கொடுத்தனுப்பிய முட்டை என்று கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

வள்ளி: நான் எந்த முட்டையும் கொடுத்தனுப்பவில்லை அண்ணி. என் மேல் போடாதீர்கள்.

சுந்தரம்: அது வாத்து முட்டை.

கார்த்தி: [செய்தி நீக்கப்பட்டது]

நித்யா: கார்த்தி???

கார்த்தி: 7-ஆம் தேதி அத்தை வீட்டுக்கு வந்தேனே. நண்பன் கொடுத்தான். சும்மா வைத்துப் பார்க்கலாம் என்று. கோழிக்கு எண்ணத் தெரியாதுதானே.

சுந்தரம்: கார்த்தி, வாத்து முட்டைக்கு 28 நாள். 7-ஆம் தேதி வைத்தது அடுத்த மாதம் 5-ஆம் தேதிதான் பொரிக்கும். கோழிக்குஞ்சு வெளியே வந்து ஒன்றிரண்டு நாளில் செவலை கூட்டை விட்டு இறங்கிவிடுவாள். மிச்ச முட்டை அம்போ. இரண்டையும் ஒரே கோழியில் பொரிக்க வேண்டுமானால் வாத்து முட்டையை ஒரு வாரம் முன்னாலேயே வைத்திருக்க வேண்டும். நீ பின்னால் வைத்திருக்கிறாய். இதனால்தான் அடை வைக்கும் முட்டையில் பென்சிலால் கோடு போடச் சொல்கிறேன். வேறு கோழி வந்து இட்டுவிட்டுப் போனாலும் கண்டுபிடிக்கலாம்.

புவனா: வாத்துக் குஞ்சு பாவம்

கார்த்தி: தெர்மகோல் பெட்டி, பல்பு வைத்து நான் பொரிக்கிறேன். யூடியூபில் இருக்கிறது.

சுந்தரம்: 37.5 டிகிரி. மேலே கீழே ஒரு டிகிரி ஆடினாலே பிரச்சினை. ஈரப்பதம் வேண்டும். நாளுக்கு மூன்று, ஐந்து தடவை முட்டையைத் திருப்ப வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து திருப்புவாயா?

கார்த்தி: பந்தியில் பக்கத்து இலையில் வைத்துக்கொள்கிறேன்.

சேகர்: வேன் கணக்கு.

நித்யா: பாட்டி குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். 2 நிமிடம் 10 வினாடி. யார் கேட்டீர்கள்?

வள்ளி: அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பேசினார்கள். ‘கோழி பொரிக்கப் பிறந்தது, நீங்கள் எதற்குக் காவல்’ என்கிறார்கள். கூட்டில் ஓர் இரும்பு ஆணி போடச் சொல்கிறார்கள், இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம். கடைசி நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை விட்டால், உயிருள்ளது ஆடும், செத்தது சும்மா கிடக்கும் என்கிறார்கள். பிறகு சேகரைத் திட்டினார்கள், அதை எழுதவில்லை.

சுந்தரம்: அம்மா சொன்ன முதல் வரி நூற்றுக்கு நூறு. ஆணிக்கும் இடிக்கும் சம்பந்தம் இல்லை, போட்டாலும் கெடுதல் இல்லை. தண்ணீர் வேண்டாம். ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் குஞ்சு மூழ்கிப் போகும். 18-ஆம் நாளுக்குப் பிறகு, அதாவது 21-ஆம் தேதிக்கு மேல், முட்டையைத் தொடவே கூடாது. டார்ச்சும் வேண்டாம். குஞ்சு தலையைக் காற்றறைப் பக்கம் திருப்பிக்கொண்டு வெளியே வரத் தயாராகும் நேரம். கோழியே முட்டையை உருட்டுவதைக் குறைத்துக்கொள்ளும்.

சேகர்: அதைத்தான் அண்ணா நானும் கேட்கிறேன். யாரும் தொடக்கூடாது என்றால் அக்கா எதற்கு வீட்டில் இருக்க வேண்டும்?

மரகதம்: பூனைக்கு யார் பதில் சொல்வது? பெருச்சாளிக்கு?

வள்ளி: கீரியும் வரும் அண்ணி.

மரகதம்: கீரியைப் பற்றி நீ பேசாதே வள்ளி. கறுப்பியை அடைக்கு வாங்கிப் போனாய். பாதிக் குஞ்சு தருகிறேன் என்றாய். கோழி மட்டும் திரும்பி வந்தது.

வள்ளி: அது நிஜமாகவே கீரிதான்!! எத்தனை வருஷம் சொல்வது

கார்த்தி: அந்தக் கீரிக்கு இந்நேரம் பேரன் பேத்தி இருக்கும்.

புவனா: எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்களேன். பெரியப்பா, அத்தை இல்லாமல் பொரிக்க முடியுமா முடியாதா, ஒரே வரியில்.

சுந்தரம்: முடியும்.

சுந்தரம்: ஏன் என்றால், பொரிப்பதற்கு முன்னாலேயே குஞ்சு முட்டைக்குள் இருக்கும் காற்றறையில் மூக்கை விட்டு மூச்சு வாங்கத் தொடங்கும். அப்போதே உள்ளேயிருந்து கீச் என்று கேட்கும். கோழியும் அடித்தொண்டையில் மெதுவாகப் பதில் கொடுக்கும். அப்புறம் ஓட்டில் ஒரு சின்னக் கீறல். அதோடு 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடச் சும்மா கிடக்கும். ஐயோ செத்துவிட்டதே என்று ஓட்டை உரித்துவிடுபவர்களால்தான் பாதிக் குஞ்சு சாகிறது. சவ்வில் அப்போதும் ரத்தம் ஓடும். மஞ்சள் கரு முழுதாக வயிற்றுக்குள் போயிருக்காது. அது உள்ளே போன பிறகு குஞ்சுக்கு இரண்டு நாள் தீனியே வேண்டாம். முந்திப் பொரித்தது பிந்தியதற்காகத் தாயின் இறகுக்குள் பட்டினியாகக் காத்திருக்க முடிவதும் அதனால்தான். அக்கா 25 ராத்திரி திரும்பி வந்து தீனி வைத்தால் போதும்.

நித்யா: ஒரே வரி கேட்டாள் மாமா

சுந்தரம்: முதலில் ஒரே வரிதான் போட்டேன்.

மரகதம்: பக்கத்து வீட்டு டீச்சரிடம் சாவி கொடுக்கலாம். ஆனால் அவருக்குக் கோழி என்றாலே பயம். கொத்தும்.

நித்யா: கூட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டால்? டீச்சர் தண்ணீர் மட்டும் பார்த்தால் போதுமே.

சுந்தரம்: சரியான யோசனை. கதவு பூனை தள்ளாதபடி கொக்கி போட்டதாக இருக்கட்டும். காற்று வரட்டும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக, உள்ளே கூழாங்கல் போட்டு வையுங்கள். பொரித்த குஞ்சு விரல் ஆழத் தண்ணீரில்கூட விழுந்து செத்துவிடும். குருணை ஒரு பிடி. அது கோழிக்குத்தான், குஞ்சுக்கு அவசரம் இல்லை. மற்றதெல்லாம் திரும்பி வந்த பிறகு. 7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. பஞ்சாரம் தயாராக இருக்கிறதா? பருந்து இப்போதெல்லாம்

சேகர்: அண்ணா, ஒரு நிமிடம்.

சேகர்: அக்கா. கோழிக்கு வழி சொல்லியாகிவிட்டது. இப்போது வருகிறீர்களா? கோழி ஒரு சாக்கு என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள்.

நித்யா: சின்ன மாமா, இதைத் தனியாகப் பேசலாமே

மரகதம்: எதற்குத் தனியாக. மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு என்று வந்து என் சேவலைத் தூக்கிப் போனாய். நல்ல சேவல், சேகர். கேட்டதும் கொடுத்தேன். விருந்து என்றைக்கு என்று பிறகு புவனா போட்ட ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வள்ளி: அண்ணி, அது திடீரென்று வந்தது. மொத்தமே ஆறு பேர்.

மரகதம்: சேவலோடு ஏழு.

கார்த்தி: [ஸ்டிக்கர்]

சுந்தரம்: கார்த்தி, அதை எடு.

கார்த்தி: [செய்தி நீக்கப்பட்டது]

சேகர்: [செய்தி நீக்கப்பட்டது]

புவனா: அத்தை, நான் இப்போது உங்களுக்கு போன் செய்கிறேன். எடுங்கள்.

வள்ளி: சேவல் பணத்தை அன்றைக்கே கொடுக்கச் சொன்னேன், இவர்தான் அக்காவுக்குக் கொடுத்தால் கோபப்படுவார் என்றார்.

சேகர்: வள்ளி போதும்

நித்யா: வேறு பேச்சு. மண்டபத்தில் குழந்தைக்கு வெந்நீர் கிடைக்குமா?

சேகர்: கிடைக்கும்மா. சொல்லி வைக்கிறேன்.

சுந்தரம்: அக்கா, கூட்டில் கோழி ரத்தம் குடிக்கும் செள் பூச்சி இருக்கிறதா என்று 21-ஆம் தேதிக்குள் ஒரு தடவை பாருங்கள். ராத்திரியில் மரச்சட்டத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்பாகத் தீற்றும். செள் கடி தாங்காமல்தான் நல்ல கோழியும் பாதி அடையில் எழுந்து ஓடும். குஞ்சு பொரித்த பிறகு அத்தனையும் குஞ்சின் மேல் ஏறிவிடும்.

கார்த்தி: அப்பா, யாரும் படிக்கவில்லை.

மரகதம்: நான் படித்தேன். துடைத்துப் பார்க்கிறேன்.

புவனா: அத்தையோடு பேசிவிட்டேன்.

சேகர்: என்ன சொன்னார்?

புவனா: அதை அவரே சொல்வார்.

மரகதம்: டீச்சரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவர் சரி என்றால் பார்ப்போம். வேன் இல்லை. 24 காலை நித்யாவோடு வேண்டுமானால் வருவேன். ராத்திரியே திரும்பிவிடுவேன்.

நித்யா: அம்மா, நான் 23-ஆம் தேதியே போகிறேனே

வள்ளி: முகூர்த்தம் 25 அண்ணி. முகூர்த்தத்துக்கு அத்தை இல்லாமல் எப்படி?

மரகதம்: பார்ப்போம் என்றேன்.

வள்ளி: இந்தத் தடவை ஒரு ஜோடி குஞ்சு எனக்குக் கொடுங்கள் அண்ணி. கூண்டுக்கு வலை அடித்துவிட்டோம்.

மரகதம்: முதலில் பொரிக்கட்டும். ஒன்பதும் பொரிக்கும் என்று யார் சொன்னது.

சேகர்: அப்போது டிரைவரிடம் 11 பேரா 12 பேரா?

சுந்தரம்: 12 சொல்.

மரகதம்: 11.

சேகர்: 12 என்று சொல்லிவிட்டேன்.

கார்த்தி: வாத்து முட்டைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வேறு யார் வீட்டிலாவது அடைக்கோழி இருக்கிறதா?