வாடகை வீட்டில் தீ, பொருளுக்கு யார் பொறுப்பு?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வாடகைக்கு இருக்கும் என் அக்கா வீட்டில் போன வாரம் தீப்பிடித்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. ஃப்ரிட்ஜ், பிள்ளைகளின் யூனிஃபார்ம், அம்மாவின் பட்டுப்புடவை எல்லாம் கரியாகிவிட்டன.

வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் சுவருக்கும் கூரைக்கும்தான். அக்காவிடம் தனி இன்சூரன்ஸ் கிடையாது. வீட்டுக்காரரின் கவனக்குறைவால் தீப்பிடித்தது என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும். தீ டிபி போர்டில் (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) தொடங்கியதாகத் தெரிகிறது. பிரேக்கர் அடிக்கடி விழுகிறது, ஒயர் கருகிய வாடை வருகிறது என்று அக்கா முன்பே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை. இது வலுவான சாட்சி என்றே நினைக்கிறேன்.

இதில் வீட்டுக்காரர் இந்த மாத வாடகையும் கேட்கிறார்! குடியிருக்க முடியாத வீட்டுக்கு என்ன வாடகை?

எங்கள் குவாசுலு-நட்டால் மாகாண வாடகைத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்தவர்கள் யாராவது உண்டா? கட்டணம் இல்லை என்பது தெரியும். பொருள் நஷ்டத்தையும் அங்கே கேட்கலாமா, இல்லை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டுமா? சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டின் 20,000 ராண்ட் வரம்பு எங்களுக்குப் போதாது.

அப்புறம், போர்டைப் பார்த்து எழுத்தில் ரிப்போர்ட் தரும் எலக்ட்ரீஷியன் அவசரமாகத் தேவை. நாளைக்கே ஆள் விட்டு எல்லாவற்றையும் அள்ளப்போவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். தெரிந்தவர்கள் உடனே இன்பாக்ஸில் சொல்லுங்கள்.