ஹகோனேவுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: வெந்நீர், சாப்பாடு, கூச்சம்

கேள்வி:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரலில் வேலை மாறி டோக்கியோ வந்தோம். நான், மனைவி, ஐந்து வயது மகள். ஆறு மாதம் முடிந்தால்தான் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு சனி, ஞாயிறுக்குள் பக்கத்து மலையூரான ஹகோனே போய் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வரலாம் என்று யோசனை. நாங்கள் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். உடையில்லாமல் எல்லோர் முன்னாலும் குளிப்பது என்றதுமே மனைவி வரமாட்டேன் என்கிறார். இரண்டு நாள் போதுமா? எதையெல்லாம் முன்பே செய்து வைக்க வேண்டும்?

பதில்:

தம்பி, இரண்டு நாள் தாராளம். ஆனால் எதைப் பார்க்காமல் விடுவது என்று இங்கிருந்தே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, ஏரியில் கப்பல், திரும்பப் பஸ் என்று அங்கே ஒரு வட்டம் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் அரை நாளில் முடிந்துவிடும் போலத் தெரியும். சனிக்கிழமை அதில் பாதி நேரம் வரிசையில்தான் போகும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் அந்த வட்டத்தை முடித்தே தீருவது என்று சுற்றினோம். இருட்டியபின் விடுதிக்கு ஓடி வந்து, குளிக்காமலே சாப்பிட உட்கார்ந்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். வெந்நீரில் இருந்தது மொத்தம் இருபது நிமிடம்.

அதனால் என் கட்சி இதுதான்: முதல் நாள் குளியலுக்கு, மறுநாள் ஊர் சுற்ற. ரியோகான் என்கிற பழைய பாணி ஜப்பானிய விடுதிகளில் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு அறை தருவார்கள். மூன்று மணிக்கே போய் நில்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு குளியல், படுக்கப் போகுமுன் ஒன்று, விடிந்ததும் ஒன்று. விடியற்காலைக் குளியல்தான் இருப்பதிலேயே சுகம். முகத்தில் குளிர் காற்று, கழுத்து வரை சூடு, எதிரே மலை. அந்நேரம் குளத்தில் வேறு ஆளே இல்லாமல்கூடப் போகும்.

அறை எடுக்கும்போது வாடகைக் கணக்கைச் சரியாகப் பாருங்கள். நம் ஊர் லாட்ஜ் மாதிரி அறைக்கு இவ்வளவு என்று இல்லை, தலைக்கு இவ்வளவு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். திரையில் தெரியும் தொகையை அறை வாடகை என்று நினைத்துவிட்டுப் பிறகு இரண்டால் பெருக்கி முழித்தவர்கள் நிறையப் பேர். குழந்தைக்குத் தனி மெத்தையும் தனிச் சாப்பாடும் வேண்டுமா என்பதைப் பொறுத்து அவள் பங்கு மாறும். போக, குளியல் வரி என்று ஆளுக்கு 150 யென் அளவில் தனியாக வாங்குவார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அது ஊராட்சிக்குப் போகிற வரி.

சனி இரவுதான் விலை உச்சம். அக்டோபரில் விடுப்பு கைக்கு வந்ததும் ஞாயிறு தங்கித் திங்கள் திரும்பிப் பாருங்கள், அதே அறை எவ்வளவோ மலிவு. மே முதல் வார விடுமுறையிலும் ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன் விடுமுறை நாட்களிலும் அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவிலிருந்து ஹகோனே வரை ஓடித் திரும்பும் பல்கலைக்கழக மாணவர்களின் தொடர் ஓட்டம் நடக்கும், 1920-இல் தொடங்கியது. வேடிக்கை பார்க்க அருமை, பஸ்ஸை நம்பிப் போனால் அவஸ்தை.

இனிச் சாப்பாடு. இதை நீட்டித்தான் சொல்வேன், பட்டவன் ஆயிற்றே. முதல் தடவை பதிவு செய்யும்போது எதுவும் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம், ஒரு தயிர்சாதத்துக்காவது வழி இருக்காதா என்ற நம்பிக்கை. சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒன்பது வகை வந்தது. ஒவ்வொன்றும் கோலம் போட்ட மாதிரி அழகு. ஒவ்வொன்றிலும் மீன், இல்லாவிட்டால் மீன் சாறு. என் மனைவி வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டாள். பரிமாறிய அம்மாள் எங்களைவிட அதிகம் வருத்தப்பட்டு, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். தவறு முழுக்க எங்களுடையது. இத்தனை பேர், இத்தனை கிண்ணம் என்று எண்ணித்தான் அவர்கள் சாமான் வாங்குகிறார்கள். இரவு ஆறு மணிக்குப் போய் மாற்றச் சொன்னால் மாற்றித் தர அங்கே எதுவும் இருக்காது. பிற்பாடு வேறொரு விடுதிக்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிட்டுப் போனோம். அங்கே அவளுக்கென்று தனியாக ஏழு வகை வந்தது. என் தட்டைவிட அவள் தட்டு நன்றாக இருந்தது.

'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். இறைச்சி கூடாது, மீன் பரவாயில்லை என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. உண்மையான சிக்கல் தாஷியில். சூப், கூட்டு, கீரைமேல் ஊற்றும் சாறு, சுருட்டிய முட்டை என்று எதைத் தொட்டாலும் அடியில் தாஷி இருக்கும். பெரும்பாலும் கட்சுவோ என்கிற சூரை மீனைப் புகையில் உலர்த்திச் சீவி எடுக்கும் சாறு அது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் விளக்க வேண்டாம், நம் மாசிக் கருவாட்டுக்கு அண்ணன் தம்பி. பதிவு செய்யும்போதே குறிப்புப் பெட்டியில் 'நிகு மோ சகானா மோ தபேமாசென், கட்சுவோ தாஷி மோ தபேராரேமாசென்' என்பதை ஜப்பானிய எழுத்தில் போடுங்கள். இறைச்சி, மீன் சாப்பிட மாட்டோம், கட்சுவோ தாஷியும் ஆகாது என்று பொருள். முட்டை, பால் சேரும் என்பதையும் எழுதுங்கள், சமையல்காரருக்கு அது பெரிய உதவி. கொம்பு என்கிற கடற்பாசியிலும் ஷிதாகே காளானிலும் தாஷி எடுக்க அவர்களுக்குத் தெரியும், புத்த மடங்களின் ஷோஜின் சமையலே அப்படித்தான். முடியாது என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். 'சுதோமாரி', அதாவது சாப்பாடில்லாமல் தங்க மட்டும், கிடைக்குமா என்று பாருங்கள்.

அப்படித் தங்கினால் பகலிலேயே வயிற்றுக்கு வழி செய்துகொள்ள வேண்டும். மலையில் நிறையக் கடைகள் மாலையிலேயே சாத்திவிடும். இரவு எட்டு மணிக்கு அலைந்தால் கன்வீனியன்ஸ் ஸ்டோர்தான் கதி, அதுவும் பக்கத்தில் இருந்தால். நாங்கள் இப்போது புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போகிறோம். தாதாமி என்கிற பாய் விரித்த அறையில் வாடை அதிகமான எதையும் பிரிக்காதீர்கள், பாய் அதை இழுத்து வைத்துக்கொள்ளும்.

போகிற வழி சுலபம். ஷின்ஜுகுவில் ஒதாக்யூ ரொமான்ஸ்கார் என்கிற விரைவு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய 85 நிமிடத்தில் ஹகோனே-யுமோதோ. பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை பத்து மணிக்கு இருக்கைப் பதிவு தொடங்கும். சில வண்டிகளில் ஓட்டுநர் மேலே மாடியில் உட்கார்ந்துகொள்ள, முன் கண்ணாடி முழுக்கப் பயணிகளுக்கு. மகளுக்கு அந்த இடம் வேண்டுமென்றால் அந்தப் பத்து மணியைத் தவற விடாதீர்கள். மலை ரயில், ரோப்வே, கப்பல், பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்த ஃப்ரீ பாஸ் வாங்கினாலும் ரொமான்ஸ்காருக்குத் தனிக் கட்டணம் உண்டு. ரோப்வே, கப்பல் எல்லாம் ஏறுவதென்றால் பாஸ் லாபம், யுமோதோவிலேயே குளித்துவிட்டுத் திரும்புவதென்றால் வீண். கிழக்கு டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் இருப்பவர்கள் டோக்கியோ நிலையத்தில் கொதாமா ஷின்கான்சென் பிடித்தால் 35 நிமிடத்தில் ஒதாவாரா, அங்கே மாறிக்கொள்ளலாம். காசுதான் கூட.

மறுநாள் எதை விட்டாலும் யுமோதோவிலிருந்து கோரா வரை போகும் மலை ரயிலை விடாதீர்கள். 1919-இல் ஓடத் தொடங்கியது, 9 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், 40 நிமிடம். நம் ஊட்டி ரயில் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பற்களில் பல்சக்கரத்தைக் கோத்து ஏறுகிறது. இதற்குப் பல்லே கிடையாது. ஆயிரம் மீட்டருக்கு 80 மீட்டர் என்ற ஏற்றத்தில் வெறும் சக்கரப் பிடிப்பிலேயே ஏறுகிறது. மூன்று இடங்களில் வண்டி நிற்கும். ஓட்டுநரும் கண்டக்டரும் பிளாட்ஃபாரத்தில் நடந்து முனை மாறிக்கொள்வார்கள், வண்டி பின்பக்கமாக வேறு தடத்தில் ஏறும். கூர்மையான வளைவுகளில் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டால் ஏற்றத்தில் வழுக்கும் என்பதால் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போகிறது. ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை என்றால் இரு பக்கமும் ஹைட்ரேஞ்சியா பூ, ஜன்னலைத் தொடும். கோராவுக்கு முந்தின நிலையத்தில் 1969-இல் திறந்த திறந்தவெளிச் சிற்பக் காட்சியகம் இருக்கிறது. குழந்தை ஓடியாட இடம் உண்டு, கால் நனைக்க வெந்நீர்த் தொட்டியும் உண்டு.

கோராவில் பழநி விஞ்ச் மாதிரி ஒன்றில் ஏறி, பிறகு ரோப்வேயில் ஓவாகுதானி என்கிற எரிமலைப் பள்ளத்தாக்கு. பூமி புகைவதைக் கண்ணால் பார்க்கலாம். 2015-இல் சிறிதாக வெடித்துப் பல மாதம் மூடிக் கிடந்த இடம். காற்றோ வாயுவோ அதிகமானால் ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள், காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அங்கே போகவே கூடாது. கறுப்பு முட்டை விற்பார்கள். ஒன்று தின்றால் ஏழு வருடம் ஆயுள் கூடும் என்பது கதை. தண்ணீரில் உள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்து ஓடு கறுக்கிறது, உரித்தால் சாதா முட்டைதான்.

குளியல் விஷயத்தைப் பெண்கள் யாராவது எழுதினால் நல்லது.

இன்னொரு பதில்:

நான் எழுதுகிறேன். தம்பி, இதை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள்.

தங்கச்சி, நான் பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குளித்து வளர்ந்தவள். முதல் தடவை உடை மாற்றும் அறையில் கூடையைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன். எண்பது வயது இருக்கும் ஒரு பாட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி என்னைத் தாண்டிப் போனார். அப்புறம்தான் எனக்குக் கால் வந்தது. உள்ளே ஒருவரும் ஒருவரைப் பார்ப்பதில்லை. ஆவியில் கண்ணாடி இல்லாமல் எனக்கும் யாரும் தெரியவில்லை.

ஆண்களுக்கு வேறு குளம், பெண்களுக்கு வேறு. ஆனால் இரவில் பெண்களுடையதாக இருந்த குளத்தை விடிந்ததும் ஆண்களுக்கு மாற்றிவிடும் விடுதிகள் உண்டு. நேற்று போன வாசல்தானே என்று தூக்கக் கலக்கத்தில் நுழையாதீர்கள். தொங்கும் துணியில் எழுத்தைப் பாருங்கள், பெண்ணுக்கான எழுத்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

குளம் ஊறுவதற்கு மட்டும். முதலில் முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிக்க வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் அலசி எடுத்துவிடுங்கள். முடியைத் தூக்கிக் கொண்டை போடுங்கள், முடியும் துண்டும் தண்ணீரில் படக் கூடாது. வெள்ளிக் கொலுசு, மெட்டி இரண்டையும் கழற்றிப் பையில் வையுங்கள். கந்தக நீரில் என் மெட்டி ஒரே இரவில் அடுப்புக்கரி ஆகிவிட்டது. யுமோதோ பக்கத்துத் தண்ணீர் பெரும்பாலும் சாதாத் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். சென்கொகுஹாரா பக்கம் ஓவாகுதானியிலிருந்து வருவது பால் மாதிரிக் கலங்கி, கந்தகம் வீசும். தாலிச் சங்கிலியை நான் கழற்றியதில்லை, ஒருவரும் கேட்டதில்லை. மகள் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தாலும் அப்படியே. மகளை நீங்கள் கூட்டிப் போங்கள், ஆனால் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், குழந்தைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த மூன்று நாட்களில் பொதுக் குளத்தில் இறங்குவதில்லை, தேதி பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இவ்வளவு சொல்லியும் மனசு ஒப்பவில்லையா? 'காஷிகிரி' என்று கேளுங்கள், குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போலத் தனிக் குளியலறை தருவார்கள். நீச்சல் உடையோடு இறங்க யுனெஸ்ஸன் என்று ஓர் இடமே இருக்கிறது. எனக்கு அது வாட்டர் பார்க் மாதிரிதான், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

விடுதியில் தரும் யுகாதா என்கிற பருத்தி அங்கியைக் கட்டும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. நான் மாற்றிக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு அறை வரை போய்விட்டேன், ஒரு வேலைக்கார அம்மாள் ஓடி வந்து சிரிக்காமல் சரி செய்துவிட்டார்.

மறுபடி கேள்வி:

அக்கா, மனைவி படித்துவிட்டு 'காஷிகிரி என்றால் சரி' என்கிறார். மிக்க நன்றி. அண்ணா, இன்னொன்று. தீபாவளிக்கு அம்மா, அப்பா வருகிறார்கள், அப்போதும் கூட்டிப் போக ஆசை. அம்மாவுக்கு முழங்கையில் பச்சை குத்தியிருக்கிறது, அது பிரச்சினையா? அப்பாவுக்கு பிரஷர் உண்டு.

பதில்:

பச்சை குத்தியவர்களை நிறையப் பொதுக் குளங்களில் விடமாட்டார்கள் தம்பி. இங்கே அது பழைய ரவுடிக் கும்பல்களின் அடையாளம். அம்மாவின் கையில் இருப்பது கோலப் புள்ளி என்று வாசலில் நின்று விளக்க முடியாது. சின்னதென்றால் மேலே ஒட்டிக்கொள்ளச் சொல்லும் இடங்கள் உண்டு, முன்னாலேயே கேளுங்கள். வயதானவர்களுக்கு அறையோடு சேர்ந்த குளியல் உள்ள விடுதிதான் நல்லது, காசு பார்க்காதீர்கள். அப்பாவை முதலில் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். இறங்குமுன் காலிலிருந்து மேலே மேலே வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும், சட்டென்று எழக் கூடாது, சாப்பிட்ட உடனே இறங்கக் கூடாது. நீங்கள் வெளியே துண்டோடு நில்லுங்கள்.

கட்டில் கேளுங்கள், தரை மெத்தையில் அவர்களால் எழுந்திருக்க முடியாது. விடுதியில் பாஸ்போர்ட் கேட்பார்கள். உங்களுக்கு இங்கே முகவரி இருப்பதால் அது தேவையில்லை, அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். தீபாவளி சமயம் என்றால் மலையில் இலை சிவக்கிற நாட்கள், ஞாயிறு மாலை ரொமான்ஸ்கார் சீக்கிரம் நிரம்பிவிடும். திரும்பும் டிக்கெட்டையும் போகிற டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள்.