நாய் கடித்த வாத்து: முதுகுப் புண் காய்கிறது, ஆனால் தீனி எடுக்கவில்லை

தட்டோன் வயல்வீடு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மியான்மரில் தட்டோன் பக்கம் கிராமம். வீட்டில் வளர்க்கும் பெட்டை வாத்தை முந்தாநாள் சாயங்காலம் தெருநாய் கவ்விவிட்டது. தம்பி ஓடிப்போய் நாயின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தான். முதுகில், வால் பக்கமாக, கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிந்தது. துணியால் அழுத்திப் பிடித்ததில் ரத்தம் நின்றது. அப்புறம் அம்மா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார். மேலே, முகத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டையும் கொஞ்சம் அரைத்துப் போட்டோம்.

இப்போது புண் மேலே காய்ந்துவிட்டது. ஆனால் காலையிலிருந்து குருணையைத் தொடவே இல்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. இடது இறக்கை சற்றுத் தொங்குகிறது. டவுன் கால்நடை அலுவலகம் நாளைக்குத்தான் திறக்கும். மழையும் விடவில்லை. அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? குஞ்சாக இருந்தபோதிலிருந்து தம்பி கையிலேயே வளர்ந்த வாத்து இது. அவன் அதன் பக்கத்தைவிட்டு நகரமாட்டேன் என்கிறான்.

யாங்கோன் மருந்துக்கடை:

தங்கச்சி, வாத்துக்கு முன்னால் ஒரு கேள்வி. நாயின் வாயிலிருந்து பிடுங்கியபோது தம்பியின் கையில் பல் பட்டதா? சின்னக் கீறலாக இருந்தாலும், ஏற்கெனவே இருந்த புண்ணில் நாயின் எச்சில் பட்டிருந்தாலும் இப்போதே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவச் சொல்லுங்கள். பிறகு அயோடின் தடவி, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போட வேண்டாம். நம் நாட்டில் தெருநாய்களிடம் வெறிநோய் இருக்கிறது. நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் பயமில்லை. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே வேறொரு மருந்தும் போடுவார்கள். ஒரு ஊசியோடு முடியாது, அவர்கள் சொல்லும் தேதிகளில் எல்லாம் போக வேண்டும். அந்த நாய் யாருடையது, இன்னும் அங்கே திரிகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெகு வாத்துக்காரர்:

மருந்துக்கடை அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள் அம்மா. வாத்தை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து வாத்துதான் தொழில்.

நாய் கடித்தால் கண்ணுக்குத் தெரியும் புண் ஒன்று, தெரியாத புண் ஒன்று இருக்கும். மேல் பல் முதுகில் பட்டால் கீழ்ப் பல் எங்கே பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறக்கை தொங்குகிறது என்கிறீர்கள், அதனால் இறக்கைக்கு அடியிலும் விலாவிலும் வயிற்றுப் பக்கத்திலும் தேட வேண்டும். பல் இறங்கிய ஓட்டை மிளகு அளவுதான் இருக்கும், இறகு அதை மூடிவிடும். உள்ளே மட்டும் ஆழமாகப் போயிருக்கும்.

தேடும் முறை: ஒரு பழைய லுங்கியால் வாத்தைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வையுங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. பறவை நெஞ்செலும்பை அசைத்துத்தான் மூச்சு விடும், அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். காலைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. ஒருவர் பிடிக்க, இன்னொருவர் வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை நனைத்து இறகை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். நனைந்த இறகு ஒட்டிக்கொள்ளும், தோல் நன்றாகத் தெரியும். ரத்தம் உறைந்து இறகுகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அதன் அடியில்தான் ஓட்டை.

ஓட்டை கிடைத்தால் சுற்றியுள்ள இறகை முனை மழுங்கிய கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம், வலிக்கும், தோலும் கிழியும். தண்டு கறுப்பாகத் தெரிந்தால் அது ரத்தம் ஓடும் புது இறகு. அதை வெட்டினால் ரத்தம் கொட்டும், விட்டுவிடுங்கள்.

கழுவ உப்புத் தண்ணீரே போதும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, அழுக்கு வெளியே வரும்வரை பீய்ச்சுங்கள். பிறகு அயோடின் மருந்தில் தண்ணீர் கலந்து, கடையில் வைக்கும் வெறுந்தேநீர் நிறம் வந்ததும் அதைப் பஞ்சில் நனைத்துத் தடவுங்கள். ஸ்பிரிட், டெட்டால், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் வேண்டாம். மாட்டுப் புண்ணில் சிலர் அந்துருண்டைத் தூள் போடுவார்கள், வாத்துக்கு அது விஷம்.

ஒன்று முக்கியம். விலாவில் இருக்கும் ஓட்டையில் மூச்சோடு சேர்ந்து நுரை வந்தாலோ, தொட்டால் தோலுக்கு அடியில் காற்று நொறுநொறுவென்று இருந்தாலோ அதற்குள் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். பறவைக்கு நுரையீரல் தவிர காற்றுப்பைகளும் உண்டு. தண்ணீர் அங்கே இறங்கிவிடும். சுத்தமான துணியால் மூடி, உடனே மருத்துவரைத் தேடுங்கள்.

மஞ்சளும் தனாக்காவும் கெட்ட எண்ணத்தில் போட்டதல்ல, அது தெரியும். ஆனால் அடை கட்டினால் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. எண்ணெய் இறகில் படர்ந்தால் தண்ணீர் ஒட்டாத தன்மையும் போய்விடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல எடுத்துவிடுங்கள்.

தட்டோன் வயல்வீடு:

தம்பியின் சுண்டுவிரலில் பல் பட்ட தடம் இருந்தது. அவன் சொல்லவே இல்லை. கழுவிவிட்டோம், அப்பா சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

இறக்கைக்கு அடியில் இரண்டு ஓட்டை இருக்கிறது. நுரை இல்லை. ஆனால் ஒரு ஓட்டையின் ஓரத்தில் வெள்ளையாகச் சின்னச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு மாதிரி நாற்றமும் வருகிறது. அது என்ன? வலிக்குப் பாராசிட்டமால் உடைத்துக் கொடுக்கலாமா?

பெகு வாத்துக்காரர்:

அது ஈ முட்டை. இந்த மழைக்காலத்தில் ஒரே நாளில் புழுவாகிவிடும், தாமதிக்க வேண்டாம். முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஓட்டைக்குள் திரும்பவும் உப்புத் தண்ணீர் பீய்ச்சுங்கள். ஆசனவாய்ப் பக்கமும் பாருங்கள், எச்சம் ஒட்டிய இடத்தில்தான் ஈ முதலில் உட்காரும். வேலை முடிந்ததும் கொசுவலைக்குள் வையுங்கள். கீழே உமி போட வேண்டாம், புண்ணில் ஒட்டும். பழைய துணி விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள்.

மோல்மேன் அக்கா:

பாராசிட்டமால் மட்டுமல்ல, மனிதர்களுக்கான எந்த வலி மாத்திரையையும் கொடுக்காதே அம்மா. பறவைக்கென்று அளவு உண்டு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பும் வேண்டாம்.

தீனியைப் பற்றிச் சொல்கிறேன். அடிபட்ட வாத்துக்குச் சூடும் அமைதியும் வேண்டும். காற்றடிக்காத மூலையில் பெட்டி வைத்து, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வை. வேண்டுமானால் அது நகர்ந்துகொள்ளும். குருணையைத் தவிட்டோடு குழைய வேகவைத்து, அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டுக் கொடு. மூக்குத் துளையும் கண்ணும் முங்கும் அளவுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வை. தண்ணீர் இல்லாமல் வாத்தால் தீனியை விழுங்க முடியாது, கண்ணையும் கழுவிக்கொள்ள முடியாது. குளத்தில் மட்டும் விடாதே.

தம்பி பக்கத்தில் உட்காரட்டும், அது நல்லதுதான். வேறு வாத்து இருந்தால் வலைக்கு அந்தப் பக்கம் கண்ணில் படும்படி விடு. ஒன்றாக விட்டால் புண்ணைக் கொத்தும்.

தட்டோன் வயல்வீடு:

நேற்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டோம். எலும்பு முறியவில்லை. ஓட்டையைத் தைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி குழைந்த குருணை கொஞ்சம் தின்றது, இன்று காலையில் தம்பியைப் பார்த்துக் கத்தியது! அவனுக்கும் முதல் ஊசி போட்டாகிவிட்டது.

இன்னும் இரண்டு கேள்வி. ஓட்டையை ஏன் தைக்கவில்லை? முட்டை போட்டால் சாப்பிடலாமா?

பெகு வாத்துக்காரர்:

தைக்காதது சரிதான். நாய் வாயின் கிருமி உள்ளே இருக்கும்போது மூடிவிட்டால் சீழ் கட்டும். பறவைச் சீழ் தண்ணீராக வடியாது, மஞ்சளாகக் கெட்டியாகி உள்ளேயே நின்றுவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அடியிலிருந்து ஆறி வருவதே நல்லது. தினம் காலையும் மாலையும் கழுவிப் பாருங்கள். வீக்கம் கூடினாலோ நாற்றம் திரும்பினாலோ சதை கறுத்தாலோ மருந்து முடியும்வரை காத்திருக்காமல் மறுபடி கொண்டுபோங்கள். தேறிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் வரும் முட்டையைச் சாப்பிடாதீர்கள், விற்கவும் வேண்டாம்.

தோல் முழுவதும் மூடிய பிறகு தண்ணீரில் விடலாம். வெட்டிய இறகு அடுத்த இறகுதிர்ப்பில்தான் முளைக்கும். அதுவரை அந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உடம்பு குளிர்ந்துபோகும். வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் நீந்தவிட்டு, துவட்டி உள்ளே கொண்டுவாருங்கள். முதுகுப் புண் வாலடியில் என்றால் எண்ணெய்ச் சுரப்பி அங்கேதான் இருக்கிறது. அதில் அடிபட்டிருக்கிறதா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

யாங்கோன் மருந்துக்கடை:

தம்பியின் அடுத்த ஊசித் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். அந்த நாயை யாராவது பார்த்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.