லேப்டாப்ல ஓடுற லாகின் ஃபில்டர் சர்வர்ல போட்டா சுத்திக்கிட்டே இருக்கு, உதவி பண்ணுங்க

காவேரிப்பட்டணம்_மண்டி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க ஒரு மாங்கா மண்டிக்கு சின்னதா வெப் அப்ளிகேஷன் பண்ணி குடுத்திருக்கேன், தோட்டக்காரங்க லோடு இறக்கிட்டு போனதும் எடை, ரேட்டு, கழிவு எல்லாம் போன்லயே பாத்துக்கலாம். ஜாவா அப்ளிகேஷன ஓட்டற டாம்கேட் 9 சர்வர்தான், வெறும் சர்வ்லெட்டும் (ரிக்வெஸ்டுக்கு பதில் சொல்ற ஜாவா கோடு) ஜேஎஸ்பியும் (பக்கம் காட்டற ஃபைல்) போட்டிருக்கேன், ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் இல்ல. லாகின் பண்ணாதவங்கள லாகின் பக்கத்துக்கு திருப்பி விட ஒரு ஃபில்டர் (ரிக்வெஸ்ட் பக்கத்துக்கு போறதுக்கு முன்னாடி புடிச்சு பாக்கற கோடு) எழுதி /* ன்னு, அதாவது எல்லா பாதைக்கும், மேப் பண்ணிருக்கேன், லாகின் பக்கத்த மட்டும் விட்டுடுன்னு உள்ள கண்டிஷனும் இருக்கு. லேப்டாப்ல அருமையா ஓடுது, சர்வர்ல வார் ஃபைல (அப்ளிகேஷன் முழுசையும் கட்டின ஒரே ஃபைல்) போட்டா "டூ மெனி ரீடைரக்ட்ஸ்"னு வந்து நிக்குது. பெங்களூரா மாங்கா லோடு வர ஆரம்பிச்சிடுச்சு, மண்டிக்காரர் தினமும் கேக்கறார், யாராச்சும் பாருங்க.

ஓசூர்_ஜாவா:
தம்பி, அந்த கண்டிஷன்ல எத ஒப்பிடறீங்க? சர்வர்ல அப்ளிகேஷன் எந்த பேர்ல ஏறியிருக்கு?

காவேரிப்பட்டணம்_மண்டி:
கெட்ரிக்வெஸ்ட்யூஆர்ஐல பிரவுசர் கேட்ட பாதைய வாங்கி "/லாகின்.ஜேஎஸ்பி"க்கு ஈக்வல்ஸான்னு பாக்கறேன்ணா. லேப்டாப்ல தனி பேரு இல்லாம ரூட்டா ஓடுது, சர்வர்ல மண்டி.வார்.

பாலக்கோடு_கோடர்:
ஈக்வல்ஸுக்கு பதிலா எண்ட்ஸ்வித் (பாதை எதுல முடியுதுன்னு மட்டும் பாக்கறது) போடுங்க ப்ரோ, முடிஞ்சிது. பக்கத்துக்கு கலர் குடுக்கற சிஎஸ்எஸ்ஸுக்கும் அதே மாதிரி ".சிஎஸ்எஸ்"ல முடிஞ்சா விட்டுடுங்க.

ஓசூர்_ஜாவா:
அத மட்டும் செஞ்சிடாதீங்க. முதல்ல காரணத்த சொல்லிடறேன். வார் பேரு மண்டின்னா கான்டெக்ஸ்ட் பாத் (பாதையில முன்னால வர்ற அப்ளிகேஷன் பேரு) "/மண்டி", ரிக்வெஸ்ட்யூஆர்ஐ அதயும் சேத்து "/மண்டி/லாகின்.ஜேஎஸ்பி"ன்னுதான் குடுக்கும், உங்க கண்டிஷன் எப்பவும் பொய்யாகி லாகின் பக்கமே திரும்ப லாகினுக்கு போகுது. ரூட்டுல கான்டெக்ஸ்ட் பாத் காலி, அதனால லேப்டாப்ல தெரியல. எண்ட்ஸ்வித் போட்டா சுத்தறது நிக்கும், ஆனா ரிக்வெஸ்ட்யூஆர்ஐ செமிகோலனுக்கு பின்னால இருக்கறதயும் அப்படியே வெச்சிருக்கும். ஒருத்தன் "/லோடு.ஜேஎஸ்பி;அ.சிஎஸ்எஸ்"னு அடிச்சா ஃபில்டர் சிஎஸ்எஸ்ஸுன்னு நெனச்சு விட்டுடும், டாம்கேட் செமிகோலன்ல இருந்து வெட்டிட்டு லோடு பக்கத்த எடுத்து குடுத்துடும். தோட்டக்காரங்க கணக்கு ஊருக்கே தெரியும். கெட்சர்வ்லெட்பாத் வாங்கி ஒப்பிடுங்க, அதுல கான்டெக்ஸ்ட் பாத்தும் வராது, செமிகோலன் குப்பையும் வராது. ஒண்ணு கவனிங்க, ஏதாச்சும் சர்வ்லெட்ட /* ன்னு மேப் பண்ணிருந்தா அதுக்கு சர்வ்லெட்பாத் காலியா வரும், முழு பாதையும் பாத்இன்ஃபோல போயிடும். ரீடைரக்ட்ல மட்டும் கான்டெக்ஸ்ட் பாத்த முன்னால ஒட்டியே ஆகணும்.

பாலக்கோடு_கோடர்:
செமிகோலன் விஷயம் எனக்கும் புதுசுணா, எங்க ஆபீஸ் கோடயும் இன்னிக்கே பாக்கறேன்.

காவேரிப்பட்டணம்_மண்டி:
சுத்தறது நின்னுடுச்சுணா, ரொம்ப தேங்க்ஸ்! ஆனா லாகின் பக்கம் கலரே இல்லாம வெறுமனே வருது, பிரவுசர்ல சிஎஸ்எஸ் ஃபைல் தட்டிப் பாத்தா உள்ள லாகின் பக்கத்து எச்டிஎம்எல்தான் இருக்கு. இன்னொண்ணு, தோட்டக்காரர் பேரு தமிழ்ல அடிச்சு சேவ் பண்ணா கண்டமேனிக்கு எழுத்தா விழுது. என்கோடிங் ஃபில்டர் வேற போட்டிருக்கேன், யூடிஎஃப்-8தான்.

தர்மபுரி_பேக்எண்ட்:
தம்பி, சிஎஸ்எஸ், படமெல்லாம் ஒரே ஃபோல்டர்ல, /ஸ்டேட்டிக் மாதிரி, போட்டுட்டு சர்வ்லெட்பாத் "/ஸ்டேட்டிக்/"ல ஆரம்பிச்சா விடுங்க. இல்லன்னா ஃபில்டர /* ல இருந்து எடுத்துட்டு காவல் வேணுங்கற பாதைக்கு மட்டும் போடலாம், /உள்ள/* மாதிரி. /உள்ள/*.ஜேஎஸ்பின்னு மட்டும் போட்டுடாதீங்க, அப்படி ஒரு பேட்டர்ன் கிடையாது, அப்ளிகேஷன் எழும்பவே எழும்பாது.
தமிழ் எழுத்துக்கு, வெப்.எக்ஸ்எம்எல்ல (அப்ளிகேஷனோட செட்டிங் ஃபைல்) எந்த ஃபில்டர் மேப்பிங் முதல்ல இருக்கு? லாகின் ஃபில்டர்ல ஃபார்ம்ல வந்தத படிக்கற கெட்பாராமீட்டர் ஏதாச்சும் கூப்பிடறீங்களா?

காவேரிப்பட்டணம்_மண்டி:
லாகின்தான் முதல்ல இருக்குக்கா. ஆமா, மொழி என்னன்னு பாக்க ஒரு பாராமீட்டர் படிக்கறேன்.

தர்மபுரி_பேக்எண்ட்:
அதான். ஒரு தடவ பாராமீட்டர் படிச்சாச்சுன்னா டாம்கேட் அப்பவே முழு ஃபார்மயும் தமிழ் எழுத்தே இல்லாத பழைய ஐஎஸ்ஓ-8859-1 என்கோடிங்ல பிரிச்சு வெச்சிடும், அப்புறம் என்கோடிங் செட் பண்ணி புண்ணியமில்ல. என்கோடிங் மேப்பிங்க மேல தூக்கிப் போடுங்க. ரெண்டுமே யூஆர்எல் பேட்டர்ன் மேப்பிங்னா, அங்க எழுதின வரிசையிலதான் ஓடும். ஜாவா கோடுக்குள்ளயே @வெப்ஃபில்டர் அனொட்டேஷன்ல போட்டிருந்தா வரிசைய நம்ப முடியாது, வெப்.எக்ஸ்எம்எல்லுக்கே கொண்டு வந்துடுங்க. ஏற்கனவே கெட்டுப்போய் சேவ் ஆன பேரு இதனால தானா சரியாகாது, அத திரும்ப அடிச்சிடுங்க.

காவேரிப்பட்டணம்_மண்டி:
மேல தூக்கிப் போட்டேன்க்கா, இப்ப பேரு சரியா விழுது, கலரும் வந்துடுச்சு. பழைய பேரெல்லாம் மண்டி ரசீது புக்க வெச்சுக்கிட்டு ராத்திரி அடிச்சிடறேன்.