ஜிப்சி 60-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது, இந்த நிலையில் 31 இன்ச் டயர் போடலாமா?

மேட்டுப்பாளையம்_ஜிப்சி:

எல்லோருக்கும் வணக்கம். சமீபத்தில் ஒரு 2007 மாருதி ஜிப்சி வாங்கினேன். 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ, ஹார்ட் டாப். இன்ஜினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, காலையில் ஒரே சாவியில் எடுக்கிறது, புகை கிடையாது. தொல்லையெல்லாம் அதற்குக் கீழேதான். முன்பு வைத்திருந்தவர் ஆசை ஆசையாக நிறைய வேலை செய்திருக்கிறார். நான்கு பக்கமும் நீளமான ஷேக்கிள் (கமான் பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) போட்டு சுமார் 2 இன்ச் தூக்கியிருக்கிறார், 235/75 ஆர்15 ஆல் டெரெய்ன் டயர், டயர் வெளியே தள்ளி நிற்க வீல் ஸ்பேசர், முன்னால் கனமான இரும்பு பம்பர், அதற்குள் ஒரு வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்), மேலே கேரியர், கேரியரில் ஸ்டெப்னி.

60, 65-ல் போகும்போது இடது முன் டயர் ஒரு குழியிலோ பாலத்தின் ஜாயின்டிலோ இறங்கினால் ஸ்டீயரிங் தானாகவே இரண்டு பக்கமும் வெடுக் வெடுக்கென்று உதற ஆரம்பிக்கிறது. கையால் பிடித்து நிறுத்த முடியாது, பானட்டே ஆடுகிறது, 30-க்கு இறங்கினால்தான் அடங்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக்) போயிருக்கிறது என்று புதிது போட்டார்கள். கொஞ்ச நாள் சரியாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். இன்னொருவர் அலைன்மென்ட் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்.

இதற்கு நடுவே நண்பர் ஒருவர் 31 இன்ச் மட் டயர் செட் ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார். அதைப் போடுவதானால் ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றிவிடலாம் என்கிறார்கள். கொல்லிமலைப் பக்கம் தெரிந்தவர் எஸ்டேட்டுக்குள் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் இதுவரை ஃபோர் வீலின் லோ கியரே (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கானது) போட்டதில்லை. வார இறுதியில் மனைவி, குழந்தையோடு ஊட்டிக்கும் இதே வண்டிதான் போக வேண்டும். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

கமான்பட்டை:

தம்பி, டயர் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். உதறல் சரியாகும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 50-க்கு மேல் போகாதீர்கள்.

ஜிப்சிக்கு முன்னாலும் முழு ஆக்ஸில்தான், இரண்டு சக்கரமும் ஒரே டை ராடில் கட்டியிருக்கும், அதனால் ஒரு பக்கம் அடி விழுந்தால் மறுபக்கத்தையும் இழுத்துக்கொண்டு ஆடும். எல்லாம் இறுக்கமாக இருந்தால் அந்த ஆட்டம் அங்கேயே செத்துவிடும். எங்கேயோ தேய்ந்திருந்தால்தான் வளர்கிறது. டேம்பர் நோயை மறைக்கும், அவ்வளவுதான், அதனால்தான் உங்களுக்குக் கொஞ்ச நாள் சரியான மாதிரி இருந்தது.

வீட்டிலேயே பார்க்கலாம். முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கை விடாதீர்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங். பல மெக்கானிக்குகள் இந்த இரண்டாவது பாதியைச் செய்வதே இல்லை, வீல் பேரிங்கை டைட் வைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் ராட், டை ராட் எண்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் பிடிக்கும் போல்ட், ஷேக்கிள் புஷ். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட மூட்டின் மேல் விரலை வைத்தால் தெரியும்.

கிங்பின் என்றால் நக்கிளை (ஆக்ஸில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) பிரித்து மேல் கீழ் பேரிங்கை மாற்றி, ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து இறுக்கம் பார்க்க வேண்டும். பழைய ஆட்கள் மீன் கடைத் தராசு ஒன்றை நக்கிளில் மாட்டி இழுத்து, எவ்வளவு பலத்தில் அசைகிறது என்று அளப்பார்கள். அப்படிப் பார்க்கிறவரிடம் வண்டியைக் கொடுங்கள்.

இன்னொரு காரணம் அந்த நீள ஷேக்கிள். கமான் பட்டையின் ஒரு முனையை மட்டும் கீழே தள்ளினால் ஆக்ஸிலே கொஞ்சம் உருளும், கிங்பின் பின்னால் சாய்ந்திருக்க வேண்டிய அளவு குறையும். அந்தச் சாய்வுதான் ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்குவது. அது குறைந்தால் வண்டி ரோட்டில் அலையும், உதறலும் சீக்கிரம் தொடங்கும். ஸ்பேசரையும் கழற்றிவிடுங்கள், டயர் வெளியே தள்ள தள்ள ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கை அதிக பலத்தோடு பிடுங்கும், பேரிங்குக்கும் கூடுதல் சுமை.

ஆறாவது_கியர்:

மேலே அண்ணன் சொன்னது மொத்தமும் சரி. நான் டயர் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

ஜிப்சியின் கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் ஏறக்குறைய 668 மிமீ. இப்போது இருப்பது 733, கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிது. அதாவது மீட்டரில் 60 காட்டும்போது நீங்கள் 66-ல் போகிறீர்கள். 31 இன்ச் என்றால் 787 மிமீ, 18 சதவீதம் பெரிது, மீட்டர் 60 என்றால் உண்மையில் 71. இன்ஜின் 80 குதிரைத்திறன், டார்க் 103 என்எம், அதுவும் 4500 ஆர்பிஎம்-மில்தான் வரும். டயர் பெரிதானால் ஒவ்வொரு கியரும் அதே அளவுக்கு நீளமாகும். ஊட்டி ஏற்றத்தில் மூன்றில் ஏறிய இடத்தில் இரண்டுக்கு இறங்குவீர்கள். லோ கியர் இருந்தும் கல் மேல் மெதுவாக ஊர முடியாமல் கிளட்ச்சைப் பாதி அழுத்திக்கொண்டே ஓட்டுவீர்கள், கிளட்ச் கருகும்.

அதைவிட முக்கியம் பிரேக். அதே டிஸ்க், அதே டிரம், ஆனால் நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிது, கனமும் கூட. காசு இருக்கிறதே என்று டயரில் போடுகிறவர்கள் பின்னால் பிரேக் லைனர் எந்த நிலையில் இருக்கிறது என்று திறந்துகூடப் பார்ப்பதில்லை, எனக்கு இது புரிவதே இல்லை.

ஸ்பிரிங்கை மேலே ஏற்றுவது தனி உலகம். 5 இன்ச்சுக்குப் பக்கமாக உயரும், டிராக் ராட் பட்டையில் இடிக்கும், அதற்கு வேறு வளைவில் செய்ய வேண்டும், பிரேக் ஹோஸ் நீளம் பத்தாது, புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதன் முனை மூட்டான கிராஸ் சீக்கிரம் போகும். உங்கள் 60,000 அதில் எந்த மூலைக்கு? வண்டியின் முன் டிராக் (இரண்டு முன் சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம்) 1300 மிமீதான், அவ்வளவு ஒல்லியான வண்டியை அவ்வளவு தூக்கி, கேரியரில் ஸ்டெப்னியும் வைத்தால் பக்கச் சரிவில் ஏணி மாதிரி சாயும். இப்போதே அந்தக் கேரியரை இறக்குங்கள்.

காரவள்ளி:

கொல்லிமலை என்றதும் எட்டிப் பார்த்தேன். எஸ்டேட் எந்தப் பக்கம் என்று தெரியாது, ஆனால் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு, எஸ்டேட்டுக்குள் போவதற்கு முன்பே வண்டிக்குத் தேர்வு வைத்துவிடும். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர், இரண்டு. நியூட்ரல் பக்கமே போக வேண்டாம். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பாதியிலேயே கருகல் வாசனை வரும், பெடல் பஞ்சு மாதிரி ஆகும். அப்படி ஆனால் ஓரம் கட்டி ஆற விடுங்கள், டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதீர்கள். ஜிப்சியில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருள வேண்டும், முடியாமல் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் டயர் சறுக்கி அது விடுபட்டுவிடும், தாரில் விடுபடாது. லோ போட வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை முழுதாக அழுத்திப் போடுங்கள்.

முதல் முறை என்பதால் ஒன்றை மட்டும் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன மேட்டில் பழகிவிட்டுப் போங்கள். ஏற்றத்தில் பாதியில் இன்ஜின் நின்றுவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கிளட்ச்சை அழுத்திவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்ப்பார்கள். வண்டி குறுக்கே திரும்பினால் உருளும். பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிளட்ச்சை அழுத்தி லோ ரிவர்ஸ் போட்டு, கிளட்ச்சை முழுதாக விட்டு, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மெல்ல விடுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்த தடத்திலேயே நேராக இறக்கும். இறக்கத்திலும் லோ ஒன்று, கால் கிளட்ச்சை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். கட்டை விரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் கோர்க்காதீர்கள், கல்லில் அடித்தால் சக்கரம் சுழன்று விரலை உடைக்கும்.

காற்று 26-லிருந்து 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம், அதிலேயே மட் டயர் ஆசை பாதி தீர்ந்துவிடும். சாதாரண ரிம்மில் ரொம்பவும் இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். தாருக்கு வருமுன் திரும்ப ஏற்றியாக வேண்டும், அதனால் கம்ப்ரஸர் ஒன்று கட்டாயம்.

வின்ச் இருக்கிறது என்கிறீர்கள். கம்பியா, சிந்தெடிக் கயிறா? கம்பி என்றால் இழுக்கும்போது நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள், தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கயிற்றின் நீளத்துக்குள் ஒரு ஆளும் நிற்கக் கூடாது. டிரெய்லர் மாட்டும் டோ பால் இருந்தால் அதில் கயிறு மாட்டி யாரையும் இழுக்க விடாதீர்கள், அது பிய்ந்து வந்தால் துப்பாக்கிக் குண்டுதான்.

ஆர்சி_புக்:

ஒரே விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி விவரக் குறிப்புக்கு மாறாக மாற்றம் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிடித்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் பிரிவு இருக்கிறது. முன்னால் இருக்கும் இரும்பு பம்பர் மாதிரியானவற்றை 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் கூடாது என்றுவிட்டது. அபராதத்தை விடுங்கள், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். எஸ்டேட் உரிமையாளரின் அனுமதி உண்மையிலேயே இருக்கிறதா, பாதை எங்காவது காப்புக்காட்டுக்குள் போகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம்_ஜிப்சி:

எல்லோருக்கும் நன்றி. கமான்பட்டை அண்ணா சொன்னபடி தூக்கிப் பார்த்தேன். வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் பிரேக் பிடித்தும் டக் டக் என்று ஆடியது. பிரித்தால் நக்கிள் சீல் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துரு கலந்த சேற்றுத் தண்ணீர். கீழ்ப் பேரிங்கின் கப்பில் ரோலர் ஒவ்வொன்றும் உட்கார்ந்த இடம் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது, விரல் நகம் மாட்டுகிறது. இரண்டு பக்கமும் பேரிங், சீல், டை ராட் எண்ட் மாற்றியாயிற்று. ஷேக்கிள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது, அதனால் முழு லாக்கில் டயர் உள்ளே லேசாக உரசுகிறது. ஸ்பேசர், கேரியர் போயே போயிற்று. அதே பாலத்தில் மீட்டர் 70-ல் போய்ப் பார்த்தேன், ஒரு அதிர்வு வந்து அப்படியே அடங்கிவிட்டது. 31 இன்ச் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம். பம்பரையும் வின்ச்சையும் என்ன செய்வது? கழற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளுமா?

கமான்பட்டை:

கழற்றுங்கள். இரண்டும் சேர்ந்து 80 கிலோவாவது வரும், வண்டியே ஒரு டன்னைச் சுற்றித்தான். முன் பட்டை இத்தனை நாள் அந்தச் சுமையில் தொங்கியிருக்கிறது, சுமை போனதும் கொஞ்சம் எழும்பும், உரசலும் அதில் போகலாம். போகவில்லை என்றால் சக்கரம் திரும்பும் எல்லையை நிறுத்தும் ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே நீளும்படி திருகி வையுங்கள், திருப்பும் வட்டம் சற்றுப் பெரிதாகும், பரவாயில்லை. ஓடை கடந்து வந்தால் இரண்டு டிஃபரன்ஷியலிலும் ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள், பால் நிறம் என்றால் உடனே மாற்றம். ஆக்ஸில் பிரீதருக்கு (காற்று போய் வரும் துளை) ஒரு ரப்பர் டியூப் மாட்டி பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் அந்த வேலை குறையும், நூறு இருநூறு ரூபாய்தான் ஆகும். பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட் நட்டுகளை 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி டார்க் வைத்து டைட் செய்யுங்கள். மிச்சக் காசில் பின் டிரம்மைத் திறந்து லைனரும் வீல் சிலிண்டரும் பாருங்கள், கொல்லிமலைக்கு அதற்கப்புறம் போகலாம்.