அப்டேட்: தெருப்புள்ளைங்களுக்கு விளையாட்டா இங்கிலீஷ்

பாபநாசம் பக்கம் எங்க தெருவுல ரெண்டாவது மூணாவது படிக்கிற வாண்டுங்களுக்கு இன், ஆன், அண்டர் எல்லாம் எப்படி மண்டைல ஏத்துறதுன்னு கேட்டிருந்தேன்ல, ஒரு அக்கா பாண்டி கட்டம் போடச் சொன்னாங்க, சூப்பரா ஓடுது. கட்டத்துக்கு ஒரு வார்த்தை, சில்லு எதுல விழுதோ அத கொட்டாங்குச்சியும் புளியங்கொட்டையும் வச்சு செஞ்சு காட்டணும், அண்டர்னா கொட்டாங்குச்சிய கவுத்து கொட்டைய உள்ள ஒளிச்சிட்டு "தி சீட் இஸ் அண்டர் தி ஷெல்"னு முழுசா சொன்னாதான் அடுத்த கட்டம். இலக்கணம்னு ஒரு வார்த்தை நான் எடுக்கல.

இப்ப காமெடி பாஸ்ட் டென்ஸ்தான். "ஐ கோ-எட் டு கும்பகோணம்"ங்குது ஒண்ணு, அதோட அம்மா பதறிட்டாங்க. விடுங்கக்கா, முடிஞ்சு போனதச் சொல்ல கடைசில "ed" சேர்க்கிற ரூல புள்ள தானா புடிச்சிருச்சு, இங்கிலீஷ்காரங்க வீட்டுக் குழந்தைங்களே இப்படித்தான் பேசும்னேன் (1958லயே ஜீன் பெர்கோன்னு ஒரு அமெரிக்க மொழி ஆராய்ச்சியாளர் இல்லாத வார்த்தைங்கள குடுத்து, குழந்தைங்க ரூல் போட்டு பேசுறத காட்டிட்டாங்க). நடுவுல மறிச்சு திருத்துறதில்ல, "ஓ, யூ வென்ட் டு கும்பகோணமா?"ன்னு நாமளே சரியா திருப்பிச் சொல்றது, அவ்ளோதான்.

பிளாஷ் கார்டு வாங்கல, தேவப்படல. ஐப்பசி அடமழைக்கு தெருவுல கட்டம் நிக்காது, திண்ணைல ஆடுற மாதிரி ஐடியா இருந்தா போடுங்க, பல்லாங்குழிய வச்சு ஒருமை பன்மை யோசிச்சிட்டிருக்கேன்.