2005-க்கு முன் சேலத்தில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். சேலத்தில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடம் படிக்கிறேன். சமூக ஊடகமும் கல்லூரி வாழ்க்கையும்தான் ப்ராஜெக்ட். ஃபேஸ்புக்கே 2004-ல் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கியதுதான். 2020 ஜூனில் இங்கே டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. இதெல்லாம் எழுதியாச்சு.

சிக்கல் வேறு. போன வாரம் வகுப்போடு ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒருத்தர்கூட போனிலிருந்து தலை நிமிரவில்லை (நானும்தான், வாந்தி வராததே அதிசயம்). இறங்கி வந்து தட்டுவடை செட் வாங்கினோம். ஆளாளுக்கு வீடியோ எடுத்து முடிப்பதற்குள் சட்னி ஊறி, பீட்ரூட் சாறு இறங்கி, வடை நமத்துப் போய்விட்டது. ரீலில் அந்த மொறுமொறு சத்தமே இல்லை. அப்புறம் யாரோ பின்னணியில் பாட்டைப் போட்டு மூடினார்கள்.

இதை எதோடு ஒப்பிட்டு எழுதுவது? கையில் போன் இல்லாமல் இதே ஊரில் படித்த அண்ணன், அக்காக்கள் பேசினால்தான் தெரியும். கட் அடித்தால் எங்கே போவீர்கள்? சண்டை போட்டவரோடு எப்படிச் சமாதானம் ஆனீர்கள்? லீவில் கடிதமா, எஸ்டிடி பூத்தா?

பத்து நிமிடம் பேசினால் போதும், பெயர் போட மாட்டேன். பழைய ஆட்டோகிராஃப் நோட்டு இருந்தால் ஒரு பக்கம் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் இன்பாக்ஸில் ஒரு வரி, ப்ளீஸ்.